சிறகு முளைத்த சரீரம்

கதைகளிலே சிறகுள்ள மனிதர்களைச் சிருஷ்டிப்பவர்கள் பலர். அந்தச் சிறகு உடலில் எந்த எலும்பைப் பற்றிக்கொண்டு, எந்தத் தசையின் பலத்தால் அசைகிறது என்று யோசிப்பவர்கள் சிலரே. பத்திரிகைத் தொடர்கதைகளுக்குச் சித்திரம் வரைவதில் ஆரம்பித்து, பிற்காலத்தில் விநோதக் கதை எழுதுவோருக்கும் திரைப்படத்தாருக்கும் கற்பனைப் பிராணிகளின் உடலமைப்பை வகுத்துக் கொடுப்பதையே ஜீவனமாகக் கொண்டுவிட்ட எனக்கு, மற்றெல்லா உருவங்களையும்விட அதிக உழைப்பையும் அதிக ஆனந்தத்தையும் கொடுத்தது சிறகுள்ள மனித உருவந்தான். சிறகை ஓர் ஆபரணத்தைப் போல உடலின்மேல் வைத்துவிட முடியாது. ஒரு சரீரம் பறப்பதென்று தீர்மானித்துவிட்டால் மார்பும் முதுகும் இடுப்பும் காலும், உள்ளேயிருக்கும் நுரையீரலும் கருப்பையும்கூட, அந்தத் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும் என்பதுதான் இத்தனை காலத்து உழைப்பில் எனக்கு ஏற்பட்டிருக்கும் சித்தாந்தம். அதை விவரமாகச் சொல்லி வைத்தால் பின்னால் வருகிறவர்களுக்குப் பிரயோஜனப்படும் என்ற எண்ணத்தினாலேயே இதை எழுத முற்பட்டேன்.

மாமல்லபுரத்திலே, அருச்சுனன் தபசு என்று ஒரு சாராரும் கங்கை இறங்கிய காட்சி என்று மற்றொரு சாராரும் சொல்லுகிற அந்தப் பெரும்பாறைச் சிற்பத்தை ஊன்றிப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் புலப்படாமல் இராது. ஏழாம் நூற்றாண்டிலே பல்லவர் காலத்துச் சிற்பிகள் செதுக்கிய அந்தப் பாறையின் நடுப்பிளவை நோக்கி ஆகாயமார்க்கமாக விரைந்துவரும் தேவகணங்களுக்குச் சிறகே கிடையாது. பின்னால் மடிந்த முழங்கால், முன்னால் சாய்ந்த மார்பு, மேலே உயர்ந்த கை ஆகிய இவற்றைக் கொண்டே பறத்தலென்னும் பாவத்தைச் சிற்பி நமக்குக் காட்டிவிடுகிறான். அதே பாறையில் கின்னர மிதுனங்கள் இடுப்புக்கு மேலே மானிட உருவமும் கீழே பறவைக் காலுமாக நிற்கின்றன. தெய்வ சக்தியால் பறப்பவனுக்குத் தசை வேண்டியதில்லை. தசை வேண்டாதவனுக்குச் சிறகும் வேண்டியதில்லை என்ற தர்க்கம் அந்தச் சிற்பிகளிடம் தெளிவாக இருந்தது என்றே நான் நம்புகிறேன்.

ஆகையால் என்னிடம் உருவம் கேட்டு வருகிற எழுத்தாளரிடம் நான் முதலில் கேட்பது, "உங்கள் பாத்திரம் எந்தச் சக்தியால் பறக்கிறது?" என்பதே. அருளினாலோ மந்திரத்தினாலோ பறக்கிறது என்றால், சரீர சாஸ்திரத்தைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டியதில்லை. சித்திரக்காரனுடைய வேலை லாவண்யத்தோடு முடிந்துவிடுகிறது. உண்ட உணவின் பலத்தால், இரத்தமும் சதையுமாக, களைப்பும் மூச்சுத் திணறலும் உள்ள ஒரு ஜீவனாகப் பறக்கிறது என்று அவர் சொன்னால், அங்கேதான் என் தொழில் தொடங்குகிறது.

இலக்கியத்திலே இந்த வித்தியாசத்தை உணர்ந்து எழுதிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எச். ஜி. வெல்ஸ் 1895-இல் வெளியிட்ட ஒரு நாவலில், பாதிரியார் ஒருவர் அபூர்வமான பறவை என்று எண்ணிச் சுட்டு வீழ்த்திய தேவதூதனை வைத்தியர் பரிசோதித்து, அவன் சிறகுகளை ஓர் அங்க விகாரமாகக் கருதுகிறார். காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் எழுதிய சிறுகதையில் வரும் வைத்தியரோ, கோழிக்கூண்டில் அடைபட்டுக் கிடக்கும் கிழவனைச் சோதித்த பிறகு, இந்தச் சிறகுகள் இந்த உடலோடு இவ்வளவு இயல்பாகப் பொருந்தியிருக்கும்போது மற்ற மனிதர்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று ஆச்சரியப்படுகிறார். அந்த இரண்டாவது வைத்தியருக்கு உண்டான ஆச்சரியத்தை வாசகனுக்கும் உண்டாக்குவதே என் தொழிலின் லட்சியம் என்று நான் கொண்டிருக்கிறேன்.

இந்த லட்சியத்துக்கான பயிற்சி எனக்கு மூன்று இடங்களில் கிடைத்தது. 1850-இல் டாக்டர் அலெக்ஸாண்டர் ஹன்டர் தொடங்கிய சென்னை ஓவியக் கல்லூரியில் மனித எலும்புக்கூட்டைப் பல கோணங்களில் வரையப் பழகியது ஒன்று. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் விலங்கியல் கூடங்களில் எலும்புக்கூடுகளின் எதிரே மணிக்கணக்காக நின்று பென்சிலும் தாளுமாகக் கழித்த பகற்பொழுதுகள் மற்றொன்று. மூன்றாவது, எங்கள் தெருக்கோடியில் இருந்த கோழிக்கறிக் கடை. அந்தக் கடைப் பெரியவரிடம், "பாய், நெஞ்செலும்பை வெட்டாமல் முழுசாகக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி, வீட்டில் கொதிக்க வைத்து, சதையை நீக்கிச் சுத்தம் செய்து, எலும்புகளை வெயிலில் உலர்த்தி அடுக்குவேன். என் காரியத்தின் நோக்கத்தை அறிந்த அவர் ஒருநாள், "தம்பி, கோழியைப் பார்த்துப் பறக்கிறதைப் படிக்காதீங்க. இது எம்பிக் குதிக்கும், அவ்வளவுதான். புறா நெஞ்சைப் பாருங்க, ரத்தச் சிவப்பா இருக்கும். அதுதான் பறக்கிற சதை" என்றார். நெடுந்தூரம் பறக்கிற பறவையின் மார்புத் தசை, பிராணவாயுவை இடைவிடாமல் செலவிட வேண்டியிருப்பதால் இரத்தக் குழாய்களும் செம்புரதமும் நிறைந்து சிவந்திருக்கிறது. நொடிப்பொழுது எம்பிவிட்டு அமர்ந்துவிடும் கோழியின் மார்புத் தசை வெளுத்திருக்கிறது. புத்தகங்களில் பிற்பாடு நான் படித்த இந்த உண்மையை அந்தப் பெரியவர் தம் கத்தியின் அனுபவத்தால் அறிந்திருந்தார்.

அந்த நெஞ்செலும்புதான் என் முதற்பாடம். மனிதனுடைய மார்பெலும்பு தட்டையானது. பறக்கும் பறவையின் மார்பெலும்போ நடுவிலே ஓர் ஆழ்ந்த தகடாக முன்னோக்கி நீண்டிருக்கிறது. அந்தத் தகட்டின் இருபுறமும் அப்பியிருக்கும் பெருந்தசைதான் சிறகைக் கீழே அடிக்கிறது. அதற்கு அடியிலே ஒளிந்திருக்கும் சிறிய தசை, கீழே இருந்துகொண்டே சிறகை மேலே தூக்குகிறது. எப்படியென்றால், தோளிலே மூன்று எலும்புகள் கூடுமிடத்தில் உள்ள துவாரத்தின் வழியாக அதன் தசைநாண் மேலேறி வளைந்து, மேற்கை எலும்பின் மேற்புறத்தைப் பற்றிக்கொள்கிறது. கிணற்று ராட்டினத்தில் கயிற்றைக் கீழே இழுக்கக் குடம் மேலே ஏறுவதைப் போன்ற அமைப்பு இது. சிறகை அடிக்கும் தசையும் தூக்கும் தசையும் ஆகிய இரண்டின் பாரமும் சிறகுக்குக் கீழேயே நிற்பதால் பறவை ஆகாயத்தில் கவிழாமல் நிலைகொள்ளுகிறது. தோளிலிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் தடித்த தூண் எலும்பு ஒன்று, ஒவ்வொரு அடிக்கும் மார்புக்கூடு நசுங்கிவிடாதபடி தாங்குகிறது. புறாவின் மொத்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இந்தப் பறக்கும் தசைகளே என்பதை அறிந்த பிறகு, ஒடிசலான இளைஞனின் முதுகில் இரண்டு வெண்சிறகுகளை ஒட்டிவிட்டு அவனை விண்ணில் ஏற்றும் சித்திரங்களை என்னால் நிம்மதியாகப் பார்க்க முடிந்ததில்லை.

இரண்டாவது பாடம் எடையைப் பற்றியது. ஓர் உடலை எல்லாப் பக்கமும் இருமடங்காக்கினால் அதன் பரப்பு நான்கு மடங்காகிறது. எடையோ எட்டு மடங்காகிவிடுகிறது. 1638-இல் கலிலியோ எழுதி வெளியிட்ட நூலிலே, பெரிய மிருகத்தின் எலும்பு சிறிய மிருகத்தின் எலும்பைவிட ஏன் விகிதத்தை மீறித் தடித்திருக்க வேண்டும் என்பதைப் படம் வரைந்தே விளக்கினார். 1680-இல் வெளிவந்த பொரெல்லியின் நூல், பறவையின் மார்புத் தசையையும் மனிதனின் மார்புத் தசையையும் ஒப்பிட்டு, மனிதன் தன் தசைகளின் பலத்தால் சிறகடித்துப் பறக்க இயலாது என்று முடிவு கட்டியது. கும்பகோணத்துக்கு அருகேயுள்ள நாச்சியார்கோயிலில் கல்கருடன் சந்நிதியிலிருந்து புறப்பாடாகும்போது நால்வரால் தூக்கப்பட்டு, வெளியே செல்லச் செல்ல எட்டுப் பேர், பதினாறு பேர், முப்பத்திரண்டு பேர் என்று சுமப்போர் பெருகவேண்டியிருக்கிறது என்பது அவ்வூர் ஐதிகம்; அந்த உற்சவத்தைத் தரிசித்தபோது, பறக்கும் உருவத்தைப் பெரிதாக்க விரும்பும் ஒவ்வொரு கலைஞனும் மனத்தில் நிறுத்த வேண்டிய தத்துவமும் அதுவே என்று எனக்குத் தோன்றியது.

இந்த விஷயத்தை ஆங்கில வாசகர்களுக்கு மிகத் தெளிவாகச் சொன்னவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். உயிரினங்களின் உருவ அளவைப் பற்றி 1926-இல் அவர் எழுதிய கட்டுரையில் தேவதூதர்களையும் கணக்கிலே சேர்த்துக்கொண்டு, கழுகுக்கோ புறாவுக்கோ உள்ள தசை பலமே தேவதூதனுக்கும் உண்டென்று வைத்துக்கொண்டால், அவனுடைய மார்பு நான்கடி முன்னே துருத்திக்கொண்டிருக்க வேண்டும் என்றும், எடையைக் குறைப்பதற்காகக் கால்கள் வெறுங்குச்சிகளாகிவிட வேண்டும் என்றும் கணித்தார். அதே ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்கு வந்து இந்நாட்டுப் பிரஜையாகி, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார் என்பதை நம்மவர்களில் பலர் இன்று மறந்துவிட்டனர். என் மேஜையின்மேல் அவருடைய கட்டுரை எப்போதும் உண்டு. புதிய உருவம் ஒன்றைத் தொடங்குமுன் அதை ஒருமுறை படித்துவிட்டே பென்சிலைக் கையில் எடுக்கிறேன்.

ஹால்டேனுடைய கணக்கு நம்பிக்கையை அறவே ஒழித்துவிடுகிறதா என்றால், இல்லை என்பதே என் பதில். இன்று பறக்கும் பறவைகளில் கானமயில் இனத்தின் மிகப் பெரியவையும் 20 கிலோவை எட்டுவது அபூர்வம். ஆனால் பூமியின் பழைய சரித்திரத்திலே இதைவிடப் பெரிய ஜீவன்கள் பறந்திருக்கின்றன. அர்ஜென்டினாவில் புதைபடிவமாகக் கிடைத்த அர்ஜென்டாவிஸ் என்னும் பறவை ஏறத்தாழ 70 கிலோ எடையுள்ளது என்று மதிப்பிடுகிறார்கள். அது ஒரு மனிதனின் எடை. 1971-இல் டெக்ஸாஸில் கண்டெடுக்கப்பட்டு 1975-இல் பெயரிடப்பட்ட குவெட்சால்கோட்லஸ் என்ற பறக்கும் ஊர்வனத்தின் சிறகு விரிவு 10 மீட்டருக்குக் குறையாது. அதன் எடை 200 கிலோவையும் தாண்டியிருக்கலாம் என்று பல ஆய்வாளர் கருதுகின்றனர். ஆகவே மனித எடையுள்ள உடல் பறப்பது இயற்கைக்கு விரோதமான காரியம் ஆகாது. மனித வடிவத்திலேயே இருந்துகொண்டு பறப்பதுதான் விரோதம். இந்த நுட்பமான வித்தியாசத்திலேதான் எங்கள் தொழில் உயிர் வாழ்கிறது.

மனித தசையின் பலம் எவ்வளவு என்பதை 1979-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி உலகம் பிரத்தியட்சமாகக் கண்டது. பால் மக்ரெடி அமைத்த காஸமர் அல்பட்ராஸ் என்னும் விமானத்தை, சைக்கிளோட்டியான பிரையன் ஆலன் தம் காலால் மிதித்தே ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அந்த விமானத்தின் எடை சுமார் 32 கிலோ; சிறகு விரிவோ சுமார் 30 மீட்டர். அடித்துப் பறக்காமல், அசையாச் சிறகை வைத்துக்கொண்டு, உடலிலேயே பலம் மிகுந்த கால்தசைகளைக் கொண்டு மிதித்தும் அவ்வளவு அகலமான சிறகு வேண்டியிருந்தது. ஆகையால் என் சிறகு மனிதர்கள் ஓயாமல் சிறகடிப்பதில்லை. காற்றின் போக்கை அறிந்து மிதக்கிறார்கள். வேடந்தாங்கலில் கூழைக்கடாக்கள், வெயிலேறி நிலம் சூடாகும் வேளையில், எழும்பும் வெப்பக் காற்றில் சிறகை விரித்து வட்டமிட்டு உயர்ந்து போவதை மணிக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். பாரமான பறவை மிதப்பதிலேதான் தன் பலத்தைச் சேமிக்கிறது.

மிதப்பதற்கும் பரப்பு வேண்டும். 10 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட ஆண்டிஸ் மலைக் காண்டாருக்கு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் சிறகுப் பரப்பும், 3 மீட்டர் அளவில் சிறகு விரிவும் இருக்கின்றன. அதே விகிதத்தை வைத்துக்கொண்டால் 60 கிலோ எடையுள்ள சிறகு மனிதனுக்கு 6 சதுர மீட்டர் பரப்பும், 7 மீட்டருக்குக் குறையாத விரிவும் தேவைப்படும். ஒவ்வொரு சிறகும் அவன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு. மடித்தால்கூட மணிக்கட்டு மூட்டு தலைக்கு மேலே உயர்ந்தும், இறகு நுனி கணுக்காலைத் தொட்டும் நிற்கும். சித்திரங்களில் நாம் வழக்கமாகக் காணும், முழங்கையளவே நீண்ட சிறகுகள் காண்டாரையே தூக்கமாட்டா.

மூன்றாவது பாடம் அங்கங்களின் எண்ணிக்கை. முதுகெலும்புள்ள பிராணிகளுக்கு இரண்டு ஜோடி அங்கங்களே உண்டு. பறவையின் சிறகும், வௌவாலின் சிறகும், பழைய பறக்கும் ஊர்வனவற்றின் சிறகும் வெவ்வேறு விதமாக உருமாறிய முன்னங்கைகளே. இரண்டு கைகளும் இரண்டு கால்களும் போக இரண்டு சிறகுகளும் வேண்டும் என்று கேட்கும் எழுத்தாளர், உயிர்களின் வம்சாவளியிலே இல்லாத மூன்றாவது ஜோடியைக் கேட்கிறார். இதற்கு நான் இரண்டு வழிகளை முன்வைப்பது வழக்கம்.

முதல் வழி, கைகளையே சிறகாக்கிவிடுவது. வௌவாலைப்போல விரல்களை நீட்டி அவற்றினிடையே சவ்வை இழுத்தால் கட்டைவிரல் ஒன்று பற்றுவதற்குச் சுதந்திரமாக மிஞ்சும். பறவையைப்போல மணிக்கட்டையும் விரல்களையும் ஒன்றாக்கி இறகுகளை ஊன்றினால் அதுவும் பெரும்பாலும் போய்விடும். அப்போது கிளியைப்போலக் காலே கையின் வேலையைச் செய்யவேண்டும். அந்த ஜனங்கள் காலால் உண்டு, காலால் எழுதி, காலால் குழந்தையை அணைப்பவர்களாவார்கள். இந்த வழி சாஸ்திரத்துக்கு மிகவும் இணக்கமானது. கதாசிரியர்கள் இதை ஏற்கத் தயங்குவதற்குக் காரணம், கையில்லாத நாயகனை வாசகர்கள் விரும்பமாட்டார்கள் என்ற பயமே. அந்தப் பயம் அனாவசியம் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது வழிக்கான சாட்சி நமது மேற்குத்தொடர்ச்சி மலையிலேயே இருக்கிறது. அங்கே மரத்துக்கு மரம் மிதந்து செல்லும் பறக்கும் ஓணானுக்கு நான்கு கால்களும் கால்களாகவே இருக்கின்றன. நீண்டு வெளியே விரியும் விலா எலும்புகளின்மேல் போர்த்திய தோலே அதன் சிறகு. கைகால்களுக்குக் கேடின்றிச் சிறகு உண்டாவதற்கு இயற்கையில் முன்மாதிரி உண்டு என்பதை அது நிரூபிக்கிறது. ஓணானின் விலா எலும்பால் சிறகடிக்க முடியாது. ஆயினும் யுகக்கணக்கான பரிணாமத்திலே அந்த விலா எலும்புகள் ஒன்றுகூடித் தடித்து, மூட்டும் தசையும் பெற்று வளர்ந்தன என்று ஒரு வம்சத்தைக் கற்பித்துக்கொள்ள நமக்கு இடம் கிடைக்கிறது.

இந்த இரண்டாம் வழியில் நான் வகுத்த உருவம் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்லுகிறேன். தொடர்கதையொன்றுக்குச் சிறகுள்ள நாயகி வேண்டுமென்று அதன் ஆசிரியர் என்னைத் தேடி வந்தார். அவர் எனக்கு மூத்தவர், மரியாதைக்குரியவர். வழக்கப்படி தோள்பட்டைகளுக்கு நடுவிலிருந்து சிறகு எழுந்தால் அழகாயிருக்கும் என்றார். அந்த இடத்திலே அதைப் பொருத்துவதில் இரண்டு பெருந்தடைகள் இருக்கின்றன. சிறகைக் கீழே அடிக்கும் தசை மார்பின் முன்புறத்திலிருந்து வரவேண்டும். நடுவழியிலே கையும் தோளும் குறுக்கே நிற்கின்றன. அது ஒருபுறமிருக்க, நிற்கும் மனிதனின் பாரமையம் தோளருகே இல்லை. நாபிக்குச் சற்றுக் கீழே, இடுப்புக்குள்ளே இருக்கிறது. தோளிலே தூக்கினால் கால்கள் தொங்கும். தொங்கும் உடல் காற்றைக் கிழித்துக்கொண்டு மிதந்து செல்லாது. ஆகையால் நான் சிறகு மூட்டைக் கைக்குக் கீழே, விலாவின் நடுப்பகுதிக்கு இறக்கினேன். அங்கிருந்து இருபுறமும் விலாவைச் சுற்றி முன்னே வளையும் தூண் எலும்புகளை அமைத்தேன். மார்பெலும்பைத் தகடாக்கி நாபிவரை நீட்டினேன். கையின் தடையும் நீங்கியது, சிறகும் பாரமையத்தை நெருங்கியது. கால்களை இளைக்கச் செய்து, இடுப்பெலும்பைக் குறுக்கி, பறவைக்கு உள்ளதுபோல இடுப்பு முள்ளெலும்புகளை ஒன்றாகப் பிணைத்துவிட்டபோது மீதி வித்தியாசமும் சரியாயிற்று.

வரைபடத்தைப் பார்த்த ஆசிரியர் வெகுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, "ஓவியரே, இவளுக்கு இடையே இல்லையே! என் நாயகி பேரழகி என்று முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிட்டேனே" என்றார்.

"அழகு குறையவில்லை, ஐயா, அழகின் இலக்கணந்தான் மாறியிருக்கிறது. அவளுடைய இனத்தார் கொடியிடையைக் கண்டால் நோயாளி என்று இரங்குவார்கள்" என்றேன்.

அவர் அதை ஏற்றுக்கொண்டதோடு நில்லாமல், இரண்டு நாட்களில் திரும்பி வந்து, முன்னே நீண்ட மார்புத் தகட்டினால் அவளுடைய கைகள் நெஞ்சுக்கு எதிரே எளிதாகக் கூடமாட்டா என்பதைத் தாமே கண்டுபிடித்துச் சொன்னார். அவள் வணங்கும்போது கைகள் தலைக்கு மேலே குவிகின்றன என்று அவர் எழுதிய வாக்கியத்தைப் படித்தபோது, சரீர சாஸ்திரம் கதைக்கு விலங்காக இராமல் ஊற்றாக இருக்கமுடியும் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை. பறவை எலும்பு உள்ளீடற்றது, ஆகையால் இலேசானது என்று பொதுவாகச் சொல்லுவதுண்டு. உண்மையிலே பறவையின் எலும்புக்கூடு, அதே எடையுள்ள பாலூட்டியின் எலும்புக்கூட்டைவிட அவ்வளவு இலேசானதன்று. எலும்புப்பொருள் அடர்த்தி மிக்கது, குழல் வடிவமோ வளைவைத் தாங்குவதில் வலியது. ஆகவே, என் பாத்திரங்களின் எலும்புகள் தொட்டால் நொறுங்குவதாக எழுதவேண்டாம் என்று எழுத்தாளர்களைக் கேட்டுக்கொள்வேன். மூச்சுக்கும் பறவையையே ஆதாரமாகக் கொள்ளவேண்டும். அதன் காற்றுப்பைகள் துருத்திகளாக நின்று நுரையீரலினூடே காற்றை ஒரே திசையில் செலுத்துவதால், உள்மூச்சிலும் வெளிமூச்சிலும் புதுக்காற்றுக் கிடைக்கிறது. இமயத்துக்கு மேலே பறக்கும் வரித்தலை வாத்துக்கு உதவும் இந்த ஏற்பாட்டைப் பெற்ற மனிதன் நெடுநேரம் பாடவும் வல்லவனாயிருப்பான் என்று கற்பித்தால் அதில் பிழையில்லை.

சிறகின் வெளித்தோற்றத்தில் இளம் ஓவியர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மடித்த சிறகிலே உயர்ந்து தெரியும் வளைவு மணிக்கட்டு. முழங்கை கீழே உடலோடு ஒட்டி மறைந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கி வரைந்தால் சிறகு விரியாது. நீண்ட வெளியிறகுகள் கையெலும்பிலும், உள்ளிறகுகள் முன்கை எலும்பிலும் ஊன்றியிருக்க, தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே முன்புறத்தில் தோல்மடிப்பு ஒன்று நீண்டு காற்றை எதிர்கொள்ளும் விளிம்பாகிறது. சிறகுக்கும் உடலுக்கும் இடையே வெளி விட்டு வரைவது பெருங்குறை. அந்த இடைவெளியில் காற்று கசிந்து, தூக்கும் விசையில் பெரும்பகுதி வீணாகும்.

உடல் அமைந்தபின் வாழ்க்கை தானாகவே விரியத் தொடங்குகிறது. இத்தகையவள் மல்லாந்தும் படுக்கமுடியாது, குப்புறவும் படுக்கமுடியாது. ஒருக்களித்தோ உட்கார்ந்தோதான் உறங்குவாள். அவள் வீட்டின் வாசல் அகலமாயிருக்கும். நாற்காலிக்கு முதுகு இராது. அன்னம், வாத்து முதலியவை தம் பறக்கும் இறகுகளை ஒரே காலத்தில் உதிர்த்துவிட்டுச் சில வாரங்கள் பறக்க இயலாமல் இருக்கின்றன. பருந்தினங்களோ ஒவ்வொன்றாக உதிர்க்கின்றன. முதல் வகையைத் தேர்ந்தெடுத்தால் ஊர் முழுவதும் தரையிறங்கி ஒளிந்திருக்கும் பருவம் ஒன்று கதைக்குள் வந்துசேரும். எதிரி படையெடுப்பதற்கும் காதலர் நடந்து பழகுவதற்கும் அதுவே சமயம். பாரமுள்ள பறவை ஓடியோ உயரத்திலிருந்து குதித்தோதான் எழும்புகிறது. ஆகையால் இந்த ஜனங்கள் கடற்காற்று மோதும் செங்குத்துப் பாறைகளில் வசிப்பார்கள். சமவெளியிலே அவர்கள் அகதிகள். பறவைகள் முட்டையிடுவதால் கருவின் பாரத்தைச் சுமந்து பறக்கவேண்டியதில்லை. வௌவாலோ, பல இனங்களில், தன் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வரையுள்ள குட்டியைக் கருவில் சுமந்தபடியே இரை தேடுகிறது. குறுகிய இடுப்பெலும்புடைய சிறகுப் பெண் ஒன்று முட்டையிடவேண்டும், அன்றி மிகச் சிறிய சிசுவைப் பெற்று நெடுங்காலம் மடியில் வைத்து வளர்க்கவேண்டும். தாய்மையின் தன்மையே இந்த ஓர் எலும்பினால் நிர்ணயமாகிறது.

மனித வடிவத்தை மாற்றவே மனமில்லாத எழுத்தாளருக்கும் ஒரு மார்க்கம் உண்டு. உடலை மாற்றாமல் உலகத்தை மாற்றிக்கொள்ளலாம். சனிக்கிரகத்தின் உபகிரகமான டைட்டனில் ஈர்ப்பு பூமியில் உள்ளதில் ஏழில் ஒரு பங்கு. காற்றின் அடர்த்தியோ நான்கு மடங்குக்கு மேல். அங்கே குளிரையும் சுவாசிக்க முடியாத காற்றையும் சமாளிக்க வழிசெய்துகொண்டால், கையில் சிறகைக் கட்டிக்கொண்டே மனிதன் பறந்துவிடலாம். ராபர்ட் ஹைன்லைன் 1957-இல் எழுதிய கதையொன்றில், சந்திரனில் காற்றடைத்த பெருங்குகையிலே மனிதர்கள் சிறகு பூட்டிப் பறக்கிறார்கள். விஞ்ஞானத்துக்கு முரண்படாத அழகிய கற்பனை அது.

இந்தத் துறையில் புதிதாக இறங்கும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்பும் முறை இது. முதலில் எடையைத் தீர்மானியுங்கள். எடையிலிருந்து சிறகின் பரப்பையும், பரப்பிலிருந்து நீளத்தையும், நீளத்திலிருந்து தசையையும், தசையிலிருந்து மார்பெலும்பையும் வரையுங்கள். எலும்பின்மேல் சதையையும், சதையின்மேல் தோலையும், தோலின்மேல் இறகையும் வைத்து, முகத்தைக் கடைசியில் எழுதுங்கள். பிறர் வரைந்த சிறகைப் பார்த்துச் சிறகு வரையாதீர்கள்; அருங்காட்சியகத்துக்குப் போய் எலும்பைப் பாருங்கள், ஏரிக்கரைக்குப் போய்ப் பறவையைப் பாருங்கள். பறப்பதற்காக அந்த உடல் எதை இழந்தது என்று உங்களுக்கே தெரிந்த பிறகு கதையைத் தொடங்குங்கள். அந்த இழப்பைச் சொல்லாத சிறகுக் கதை, எவ்வளவு அலங்காரமாக எழுதப்பட்டாலும், வாசகனுடைய நம்பிக்கையைப் பெறாது.